பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன் அதன் வரலாற்றைச் சரிபார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பத்து வருடம் ஓடிய போர்ஷே கேமனோ, பிஎம்டபிள்யூ எம் காரோ புது விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கலாம். ஆனால் அதன் பிரேக் டிஸ்க்கும் சஸ்பென்ஷனும் கியர்பாக்ஸும் இன்றும் புது வண்டிக்கான பாகங்களின் விலையிலேயே விற்கின்றன. வண்டியின் விலை இறங்கியிருக்கிறதே தவிர, அதை வைத்துப் பராமரிக்கும் செலவு இறங்கவில்லை. சாதாரண ஹேட்ச்பேக்கில் முந்தைய ஓனரின் அலட்சியம் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். இங்கே அது லட்சங்களைக் கேட்கும். அதனால் பெயின்ட் பளபளப்பிலும் சைலன்சர் சத்தத்திலும் மனதைக் கொடுப்பதற்கு முன், இந்த வண்டி இதுவரை யார் கையில், எந்த ஊரில், எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரிட்டனில் வண்டி நம்பரைத் தட்டினால் போதும். எம்ஓடி எனப்படும் ஒவ்வொரு வருடாந்திரத் தகுதிச் சோதனையிலும் மீட்டர் எவ்வளவு காட்டியது என்பதை அரசு இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்காவில் கார்ஃபாக்ஸ் மாதிரி நிறுவனங்கள் இதையே அறிக்கையாக விற்கின்றன. நம் நாட்டில் அப்படி எல்லாம் கிடைக்கிற ஒரே இடம் கிடையாது. ஆர்டிஓவில் ஒரு துண்டு, இன்சூரன்ஸ் பாலிசியில் ஒரு துண்டு, ஷோரூம் கணினியில் ஒரு துண்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்குள் ஒரு துண்டு என்று சிதறிக் கிடக்கிறது. அவற்றைச் சேர்க்கும் வேலை வாங்குபவருடையது.

அதற்கு நான் சொல்லும் வழி எளிமையானது. ஒரு முழு வெள்ளைத் தாளை எடுத்து, இடப்பக்கம் தேதி, நடுவில் கிலோமீட்டர், வலப்பக்கம் என்ன நடந்தது என்று மூன்று பத்தி போடுங்கள். கையில் கிடைக்கும் ஒவ்வொரு பில்லையும் பாலிசியையும் பதிவையும் அதில் தேதி வரிசையில் எழுதிக்கொண்டே வாருங்கள். பொய்யான ஒரு பேப்பரை உருவாக்குவது சுலபம். ஆனால் ஏழெட்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் தேதிகளை ஒன்றுக்கொன்று பொருந்த வைப்பது கஷ்டம். அந்தத் தாளில் எங்கே இடைவெளி விழுகிறதோ, எங்கே எண் பின்னோக்கிப் போகிறதோ, அங்கேதான் உங்கள் கேள்வி இருக்கிறது.

முதல் படி: வீட்டிலிருந்தே பார்க்க வேண்டியவை

வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஆர்சியின் இருபக்க போட்டோ, நடப்பு இன்சூரன்ஸ் பாலிசியின் எல்லாப் பக்கங்கள், சேசிஸ் நம்பர். "நேரில் வாங்க, எல்லாம் காட்டுறேன்" என்று மழுப்புபவரிடம் ஒரு முறை மரியாதையாகத் திரும்பக் கேளுங்கள். மறுபடியும் மழுப்பினால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

சேசிஸ் நம்பர் 17 இலக்கம். அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. முதல் மூன்று இலக்கம் தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும். போர்ஷே ஸ்போர்ட்ஸ் கார் என்றால் டபிள்யூ-பி-0. அதுவே எஸ்யூவி என்றால் டபிள்யூ-பி-1. பிஎம்டபிள்யூவின் அசல் எம் கார்கள் டபிள்யூ-பி-எஸ் என்று தொடங்கும். எம் பேட்ஜ் ஒட்டிய சாதாரண 3 சீரிஸை எம்3 என்று சொல்லி விற்கப் பார்த்தால் இந்த மூன்று எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். ஹங்கேரியின் ஜியோர் நகரில் தயாரான ஆடி டிடி, டி-ஆர்-யூ என்று தொடங்கும்.

அப்புறம் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி நம்பரைப் போடுங்கள். ஓனர் பெயர் பாதி மறைந்துதான் தெரியும், பரவாயில்லை. பதிவு தேதி, எந்த ஆர்டிஓ, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பதிவு இருக்கிறதா, பிளாக்லிஸ்ட்டில் இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்சியில் உள்ள தயாரிப்பு மாதத்தையும் பதிவு தேதியையும் சேர்த்துப் பாருங்கள். இறக்குமதி வண்டியில் சில மாத இடைவெளி சகஜம். ஒன்றரை வருடம் என்றால் அது ஷோரூமிலோ துறைமுகத்திலோ ஏன் நின்றது என்று கேட்க வேண்டும். இ-செல்லான் தளத்தில் அபராதங்களையும் பாருங்கள். கட்டாத தொகை ஒரு பக்கம் இருக்கட்டும். வண்டி எந்த ஊரில், எந்தத் தேதியில் ஓடியது என்பதற்கு அது ஒரு சாட்சி. "கோயம்புத்தூர் கேரேஜிலேயே நின்ன வண்டி சார்" என்று சொல்லப்படும் காருக்கு பெங்களூரில் வரிசையாக அதிவேக அபராதம் இருந்தால், அதுவும் அந்தத் தாளில் ஏறட்டும்.

திருட்டு வண்டியா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் சரிபார்க்கலாம். நேரம் அதிகம் பிடிக்காது, விடாமல் செய்துவிடுங்கள்.

இரண்டாம் படி: வெளி மாநிலப் பதிவும் இறக்குமதி வண்டியும்

ஸ்போர்ட்ஸ் கார் சந்தையில் பிஒய் (புதுச்சேரி) நம்பரும் டிஎல் (டெல்லி) நம்பரும் நிறையக் கண்ணில் படும். காரணம் வரி. தமிழ்நாட்டில் 2023 இறுதியில் உயர்த்திய ஆயுள் வரிப்படி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 20 சதவீதம் கட்ட வேண்டும். புதுச்சேரியில் அதைவிட மிகக் குறைவு. அதனால் சென்னைக்காரரும் கொச்சிக்காரரும் புதுச்சேரி முகவரி காட்டிப் பதிவு செய்வது பல வருடப் பழக்கம். 2017-ல் கேரளத்தில் இப்படிப் போலி முகவரியில் பதிவான சொகுசு கார்கள் மீது பெரிய நடவடிக்கையே நடந்தது.

மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். பிஒய் வண்டியை வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்களிடம் வரும். அதனால் விலை பேசும் முன்பே உங்கள் ஆர்டிஓ ஆபீஸில் அந்த வண்டியின் வயதுக்கும் மதிப்புக்கும் மறுபதிவு வரி எவ்வளவு என்று கேட்டு, அந்தத் தொகையை விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்தால் "மலிவான" பிஒய் வண்டி பல நேரம் டிஎன் வண்டியின் விலைக்கே வந்து நிற்கும். டெல்லி வண்டிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்ததால், வயதான வண்டிகள் தெற்கே இறங்குகின்றன. அது தன்னளவில் குற்றமில்லை. ஆனால் என்ஓசி (தடையில்லாச் சான்று) எந்த ஆர்டிஓவின் பெயருக்கு, என்று வாங்கப்பட்டது என்பதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

ஷோரூம் வழியே வராமல் தனியாக இறக்குமதியான வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர விதிகள் கடுமையானவை: தயாரித்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியேதான் வர வேண்டும். சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரியும் வரி கட்டிய ரசீதும் அந்த வண்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. அதில் உள்ள சேசிஸ் நம்பரும் ஆர்சியில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கார்னே எனப்படும் தற்காலிக அனுமதியில் சுற்றுலாவுக்கு வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே கைமாறிய வண்டிகளும் உண்டு. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை "நும்கோர்" என்ற பெயரில் நடத்திய சோதனையில், பூடான் வழியாக வந்து இங்கே போலி ஆவணங்களோடு பதிவானதாகச் சந்தேகிக்கப்பட்ட வண்டிகளைப் பிடித்தார்கள். இப்படிப்பட்ட வண்டியைத் தெரியாமல் வாங்கியவரிடமிருந்தும் சுங்கத் துறை பறிமுதல் செய்ய முடியும். ஆர்சி இருக்கிறதே என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

மூன்றாம் படி: இன்சூரன்ஸ் பாலிசியைப் படிப்பது

பலர் பாலிசியில் கடைசித் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவைக்கிறார்கள். விபத்து வரலாற்றுக்கு இதைவிட நல்ல ஆவணம் நம் கையில் வேறு இல்லை.

பாலிசியில் நோ கிளைம் போனஸ் என்று ஒரு சதவீதம் இருக்கும். கிளைம் எதுவும் வாங்காத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். கிளைம் வாங்கினால் பூஜ்யத்துக்கு விழும். ஆறு வருடமாக ஒரே ஓனரிடம் இருக்கும் கார். "ஒரு கீறல் கூட விழுந்ததில்லை" என்கிறார். பாலிசியில் போனஸ் 20 சதவீதம். அப்படியானால் இரண்டு வருடத்துக்கு முன்பு ஏதோ நடந்திருக்கிறது. பாலிசி 90 நாளுக்கு மேல் விடுபட்டிருந்தாலோ, ஓனர் மாறியிருந்தாலோ கூட போனஸ் போய்விடும் என்பதால் உடனே குற்றம் சாட்ட வேண்டாம், காரணம் கேளுங்கள். போனஸ் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் கிளைம் வாங்கிய பிறகும் சதவீதம் அப்படியே நிற்கும், அதையும் பாருங்கள். முடிந்தால் கடந்த நான்கைந்து வருடப் பாலிசிகளையும் வரிசையாக வாங்கி, ஒவ்வொன்றிலும் உள்ள சதவீதத்தைத் தாளில் எழுதுங்கள். படிக்கட்டு எங்கே சரிகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

இன்சூரன்ஸ் நிறுவனத்தில் பாலிசி நம்பரை வைத்து ஓனரே கிளைம் விவரம் கேட்டு வாங்க முடியும். அவருடைய மின்னஞ்சலிலிருந்து கேட்கச் சொல்லி, வரும் பதிலை உங்களுக்கு ஃபார்வர்ட் செய்யச் சொல்லுங்கள். நேர்மையான ஓனர் இதற்குத் தயங்க மாட்டார்.

இதில் முக்கியமாகத் தேட வேண்டியது டோட்டல் லாஸ். பழுது பார்க்கும் செலவு, காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் நிறுவனம் வண்டியையே முழு நஷ்டமாகக் கணக்கிட்டுவிடும். சேதமான வண்டி ஏலத்துக்குப் போகும். ஸ்போர்ட்ஸ் காரில் முன்பக்கம் நன்றாக இடிபட்டாலே இந்த எல்லையை எட்டிவிடும், ஏனென்றால் ஏர்பேக், ரேடியேட்டர், ஹெட்லைட் என்று எல்லாமே விலை அதிகம். ஏலத்தில் எடுத்தவர் பழைய பாகங்களைப் போட்டு ஒட்டவைத்து மீண்டும் சந்தைக்குக் கொண்டுவரலாம். கிளைம் பதிவில் பெரிய தொகையும், அதையொட்டி ஓனர் மாற்றமும், சர்வீஸில் எட்டு மாத வெற்றிடமும் ஒன்றாக விழுந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: சர்வீஸ், மீட்டர், இசியூ

ஸ்போர்ட்ஸ் காரைப் பொறுத்தவரை இதுதான் மையமான வேலை.

ஷோரூமில் செய்த சர்வீஸ் எல்லாம் சேசிஸ் நம்பரின் பேரில் அவர்களுடைய கணினியில் இருக்கும். ஓனரை உடன் அழைத்துப் போய் அச்செடுத்து வாங்குங்கள். அதில் வெறும் எண்ணிக்கையைப் பார்க்காமல் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பிரேக் ஃப்ளூயிட் போர்ஷேயிலும் பிஎம்டபிள்யூவிலும் 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. அது ஒழுங்காக நடந்திருந்தால் ஓனர் அக்கறையுள்ளவர் என்று நம்பலாம். பிஎம்டபிள்யூ எம் கார்களுக்கு முதல் 2,000 கிலோமீட்டரில் ஒரு தனிச் சோதனை உண்டு. எஞ்சின் ஆயிலும் டிஃபரென்ஷியல் ஆயிலும் அப்போது மாற்ற வேண்டும். அந்த முதல் பதிவே இல்லாத எம் காரை நான் கூடுதல் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

வெளி கேரேஜில் சர்வீஸ் செய்திருந்தால் தப்பில்லை. சென்னையிலும் கோவையிலும் இந்த வண்டிகளை நன்றாகத் தெரிந்த தனி மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பில் இருக்க வேண்டும், பில்லில் பாகத்தின் எண் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மீட்டரைக் குறைப்பது இங்கே ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. ஆர்சியில் கிலோமீட்டர் பதிவாவதில்லை என்பதால் பிடிப்பதும் கடினம். அதனால் சின்னச் சின்னப் பேப்பர்களைத் தேட வேண்டும்: வீல் அலைன்மென்ட் பிரின்ட், டயர்க் கடை பில், பாலிசி விட்டுப்போனபோது இன்சூரன்ஸ்காரர் எடுத்த போட்டோ, முன்பு எப்போதோ விற்பனைக்குப் போட்ட விளம்பரம். மீட்டரைத் திருத்துபவர் இவற்றையெல்லாம் நினைவில் வைத்துத் திருத்துவதில்லை.

டேஷ்போர்டில் தெரியும் எண்ணைத் தவிர வண்டிக்குள்ளேயே வேறு சாட்சிகளும் உண்டு. பல பிஎம்டபிள்யூக்களில் சாவியிலேயே கிலோமீட்டர் பதிந்திருக்கும். ஷோரூமில் சாவியைப் படித்துச் சொல்வார்கள். போர்ஷேயில் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை இசியூ வைத்திருக்கும். கிலோமீட்டரை அந்த மணியால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 30,000 கிலோமீட்டர், 1,000 மணி என்றால் மணிக்கு 30. நகரமும் கொஞ்சம் ஈசிஆரும் சேர்ந்த வாழ்க்கைக்கு அது பொருந்தும். 16,000 கிலோமீட்டர், 1,400 மணி என்றால் மணிக்கு 11 சொச்சம். அண்ணாசாலை நெரிசலில் மட்டுமே வாழ்ந்த வண்டியாக இருந்தாலும் அது நம்பும்படி இல்லை.

அதே சோதனையில் ஓவர்ரெவ் அறிக்கையையும் எடுக்கச் சொல்லுங்கள். போர்ஷேயின் 981 (பாக்ஸ்ட்டர், கேமன்), 991 (911) தலைமுறைகளில் எஞ்சின் எல்லை மீறிச் சுற்றியதை 1 முதல் 6 வரை ஆறு நிலைகளில் இசியூ எழுதிவைக்கும்; எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் கடைசியாக நடந்தது என்பதும் இருக்கும். அதில் வருவது எஞ்சின் சுற்றுகளின் எண்ணிக்கை அல்ல, பொறி வெடித்த எண்ணிக்கை. ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு மூன்று பொறி. 8,000 ஆர்பிஎம்மில் அது நொடிக்கு 400. ஆகவே முதல் நிலையில் சில ஆயிரம் என்று பார்த்துப் பதற வேண்டாம். யாரோ சிவப்புக் கோடுவரை ரசித்து ஓட்டியிருக்கிறார்கள், அதற்காகத்தான் இந்தக் காரே. 4, 5, 6-ஆம் நிலைகளில் எண் இருந்தால்தான் கவலை. ஐந்தாவது கியருக்குப் போக வேண்டியவர் மூன்றாவதில் போட்டுவிட்டால் எந்த ரெவ் லிமிட்டரும் தடுக்க முடியாது. இது மேனுவல் வண்டிகளின் பிரச்சினை. பிடிகே ஆட்டோமேட்டிக்கில் கணினி அப்படி ஒரு கியரை அனுமதிக்காது. மேல் நிலையில் எண் இருந்து, அது நடந்து பல நூறு மணி ஓடியும் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்றால் அபாயம் குறைவு. கடைசி ஐந்து மணி நேர ஓட்டத்துக்குள் நடந்தது என்றால் விற்பனைக்கான காரணமே அதுவாக இருக்கலாம்.

1997 முதல் 2008 வரையிலான பாக்ஸ்ட்டர், கேமன், 911 கரேராக்களில் ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் உள்ள இடைத்தண்டைத் தாங்கும் பேரிங்) என்ற புகழ்பெற்ற பலவீனம் உண்டு. அது உடைந்தால் எஞ்சினே போய்விடும். மாற்றியிருந்தால் பில் கேளுங்கள். 2009 மாடல் முதல் வந்த புதிய எஞ்சினில் அந்த அமைப்பே கிடையாது.

என் கருத்தைக் கேட்டால், பேப்பர் இல்லாத 9,000 கிலோமீட்டர் வண்டியைவிட முழு சர்வீஸ் வரலாறு உள்ள 45,000 கிலோமீட்டர் வண்டி நல்லது. ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ஆயில் சீல்கள் காய்கின்றன, டயர் கெட்டியாகிறது, டேங்கில் பெட்ரோல் கெடுகிறது.

ஐந்தாம் படி: வண்டியின் உடம்பு என்ன சொல்கிறது

இப்போது நேரில் போங்கள். பகலில், கழுவாத வண்டியாக, எஞ்சின் சூடாகாத நிலையில்.

சேசிஸ் நம்பரை முன் கண்ணாடியின் கீழ் ஓரம், கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர், உலோகத்தில் அடித்த இடம் என்று எல்லா இடத்திலும் படியுங்கள். எல்லாக் கண்ணாடிகளிலும் தயாரிப்புக் குறி இருக்கும். ஒன்று மட்டும் பிந்தைய வருடம் என்றால் அது மாற்றியது. சீட் பெல்ட்டின் அடியில் தைத்த லேபிளில் தேதி இருக்கும். ஏர்பேக் வெடித்தால் முன் பெல்ட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். 2015 வண்டியில் 2019 பெல்ட் என்றால், தாளில் 2019-ஐ ஒட்டி கிளைம் இருக்கிறதா பாருங்கள். அதேபோல் டயரின் நான்கு இலக்கக் குறியில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்.

பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டரை வாங்கவோ இரவல் பெறவோ தயங்காதீர்கள். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். 250, 300 என்றால் மறுபெயின்ட். 1,000 தாண்டினால் உள்ளே டிங்கரிங், பட்டி வேலை. இந்தக் கார்களில் அலுமினியம் நிறைய என்பதால், இரும்பு அலுமினியம் இரண்டையும் அளக்கும் கருவி வேண்டும். காந்தம் வைத்துப் பார்க்கும் பழைய உத்தி இங்கே உதவாது. பம்பர் மறுபெயின்ட் ஆகியிருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாழ்வான கார், நம் வேகத்தடைகள்; உரசத்தான் செய்யும். கூரையும் தூண்களும் மறுபெயின்ட் என்றால் கதை வேறு.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஆகிய இரண்டு தேதிகளையும் தாளில் சிவப்பு மையில் போடுங்கள். அந்த மாதங்களில் வண்டி எங்கே நின்றது? அடுக்குமாடியின் தரையடிப் பார்க்கிங்கா? ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தாழ்ந்து இருப்பதால் முழங்கால் அளவுத் தண்ணீரே இருக்கைவரை ஏறிவிடும். பழைய 986 பாக்ஸ்ட்டரில் அலாரம், இம்மொபிலைசர் பெட்டியே இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். இருக்கை ஓடும் தண்டவாளத்தில் துரு, வயர் கனெக்டரில் பச்சைப் பூப்பு, முழுதாக இழுத்த சீட் பெல்ட்டில் மங்கலான நீர்க்கோடு, பின் பெட்டியின் அடியில் வண்டல் ஆகியவற்றைத் தேடுங்கள். இவற்றில் இரண்டு சேர்ந்து கிடைத்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

ட்யூனிங்கும் வரலாற்றில் சேரும். எஞ்சின் சக்தியைக் கூட்ட ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்று இசியூ மென்பொருளை மாற்றியிருந்தால் யார் செய்தது, எத்தனை கிலோமீட்டருக்கு முன் என்று கேளுங்கள். ஆடி, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகனில் மாற்றிய மென்பொருளை ஷோரூம் கண்டுபிடித்தால் டிடி1 என்ற குறியைப் பதிவில் போட்டுவிடும். அதன்பின் எஞ்சின், கியர்பாக்ஸ் வாரன்டி போச்சு. விற்கும் முன் பழைய மென்பொருளுக்குத் திருப்பியிருந்தாலும் அந்தக் குறி நிற்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை கரி டிராக்கிலோ ஓட்டினார்களா என்றும் நேராகக் கேளுங்கள். ஓட்டிவிட்டு உடனே ஆயிலும் பிரேக் ஃப்ளூயிடும் மாற்றிய ஓனரின் வண்டி, எதுவும் ஓட்டவில்லை என்று சொல்லும் டிஸ்க் வெடித்த வண்டியைவிட மேல்.

கடைசிப் படி: பணமும் பெயர் மாற்றமும்

ஆர்சியில் பெயர் இருப்பவர்தான் விற்பவரா? கன்சல்டிங்காரரோ புரோக்கரோ நடுவில் இருந்தாலும் ஓனரிடம் ஒரு முறை நேரில் பேசுங்கள். கம்பெனி பெயரில் உள்ள வண்டி என்றால் நிர்வாகக் குழுத் தீர்மானமும் கையெழுத்து அதிகாரக் கடிதமும் தேவை. ஓனர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்குப் படிவம் 31 வழியாக மாறிய பிறகே வாங்குங்கள். கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்ஓசியும் படிவம் 35-ம் கையில் வர வேண்டும். "லோன் குளோஸ் பண்ணியாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது.

அட்வான்ஸை வங்கி வழியே மட்டும் கொடுங்கள். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தவறு. ஒப்பந்தத்தில் சேசிஸ் நம்பர், அன்றைய மீட்டர், வெள்ளம் அல்லது டோட்டல் லாஸ் வரலாறு இல்லை என்ற உறுதி, அது பொய்யானால் பணம் திரும்பும் என்ற வரி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

படிவம் 29, 30 கொடுத்து 30 நாளுக்குள் பெயர் மாற்றம் விண்ணப்பித்துவிடுங்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் உங்களோடு வரும். உங்கள் காருக்கு அடிபட்டால் கிளைம் கிடைக்காது. அது முடியும்வரை சாவி கையில் இருந்தாலும் வண்டியை ஈசிஆருக்கு எடுக்க வேண்டாம்.